அடுப்பருகே வைத்த பலகைகள்

2005 பெப்ரவரி 12, சனிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வானம் முழுவதும் மூட்டம். காற்று இல்லை. இரவு விழுந்த புதுப்பனி பதினெட்டு சென்ரிமீற்றர். அதற்குள் செருகி மூன்று நிமிடம் விட்டிருந்த வெப்பமானி சரியாகப் பூச்சியம் காட்டியது. அந்த நேரத்தில்தான் அவள் மலைவீட்டின் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு, இரண்டு சறுக்குப் பலகைகளையும் மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள். இரவு முழுவதும் விறகடுப்புக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்த பலகைகள். வாங்கிக் கீழே வைக்கும்போது என் கைக்கு இளஞ்சூடு தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பெரியவர் வந்தார். எழுபத்தேழு வயது. அந்தப் பலகைகளில் ஏறி, தனியாக நாலு கிலோமீற்றர் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டியவர் அவர்.

சூடான பலகை, புதுப்பனி, பூச்சியம் பாகை. மூன்றும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத்தில் படித்திருந்தேன். படித்ததை அன்று சொல்லவில்லை.

என்னுடைய பிழையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் அவள்தான் முன்னால் வந்து நிற்கிறாள். பெயர் எழுத மாட்டேன். எனக்கு அவள் நன்மையைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை.

மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. 2002இல் நான் முதலில் கண்டபோது நாற்பத்தாறு வயது இருக்கும். சிசிலியின் பலேர்மோ நகரில், கால்சா என்ற பகுதியில், கடற்பக்கத்துப் பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில், துறைமுகத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தாள். அவர் மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. எங்களுக்குள் கதைக்கும்போது அவர் 'பெரியவர்', நேரே 'சிஞ்ஞோரே', ஐயா என்பதுபோல. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருஷம் கணிதம் படிப்பித்த நான், அந்த வீட்டுக்குக் கிழமையில் மூன்று நாள் போய்ப் படிகளைக் கழுவினேன், ஜன்னல்களைத் துடைத்தேன், அவருடைய பழைய சிவப்புக் காரை ஓட்டினேன். படிகள் அறுபத்துநாலு. ஜன்னல்கள் ஒன்பது. அவள் என்னை மாஸ்ரர் என்றாள். பெரியவரும் அதற்கு ஏற்றாற்போல் மாயெஸ்த்ரோ என்றார். எங்கள் இரண்டு பேருடைய பெர்மெசோவுக்கும், அதாவது வதிவிட அனுமதிக்கும், வேலைக் கடிதம் கொடுத்தவர் அவர்தான். ஆகவே அவருக்குத் தும்மல் வந்தாலும் எனக்கு நித்திரை வராது.

அவளிடம் ஒரு குணம் இருந்தது. குளிர்ந்த பொருள் எதுவும் மனிதர் மேலே படக்கூடாது. சாப்பாட்டுக் கோப்பையைச் சூடாக்கிய பிறகுதான் சாப்பாடு போடுவாள். சப்பாத்துக்குள் சுடுதண்ணீர்ப் பை வைப்பாள். கதவுச் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்திருந்து கொடுப்பாள். பெரியவருடைய மூக்குக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, ஒரு 'அருள்நிறைந்த மரியே' முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவர் மூக்கில் வைப்பாள். ஒருநாள் காலை அவள் பத்திரிகையை அயன் பண்ணிக்கொண்டு நின்றாள்.

"பேப்பருக்குமோ பிள்ளை?" என்றேன்.

"வெளியிலை கிடந்து சில்லிட்டுப் போச்சு மாஸ்ரர். அவர் நடுங்கிறதுக்குச் செய்தி காணும்."

"இவ்வளவு கரைச்சல் என்னத்துக்கு?"

அவள் அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "குளிர்ந்தால் ஆக்கள் யோசிக்கத் தொடங்கிடுவினம். சூடாயிருந்தால் ஒண்டும் யோசிக்க மாட்டினம். நிம்மதியாயிருப்பினம்."

இத்தாலிய மொழியில் அவள் பிழையில்லாமல் சொன்ன வசனம் ஒன்றே ஒன்று: "நோன் சி ப்ரெயோக்குப்பி, சிஞ்ஞோரே." நீங்கள் கவலைப்படாதேயுங்கோ என்று பொருள். ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை எண்ணினேன். இருபத்தேழு தரம்.

பெரியவருக்கு ஏழு மருந்து. நான் போன புதிதில் ஏழின் பெயரும், எது எதற்கென்பதும் அவருக்கு மனப்பாடம். அவள் ஏழு பெட்டியையும் எறிந்துவிட்டு எல்லாவற்றையும் ஒரு தகரப் பேணியில் போட்டுவைத்து, வேளைக்கு வேளை தன் கையிலிருந்து அவர் கைக்கு மாற்றினாள். அடுத்த வருஷம் வைத்தியர் மருந்துகளின் பெயரைக் கேட்டபோது அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

காலையில் பல்கனிக்குப் போய், நாப்போலியிலிருந்து வரும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டதா என்று பார்ப்பது அவருக்கு நாற்பது வருஷப் பழக்கம். அவள் பல்கனிக் கதவைச் சாத்தினாள். அவருக்குப் பதிலாகத் தானே பார்த்து வந்து சொன்னாள். ஒரு டிசம்பர் காலை, கடல் கொந்தளித்து ஒரு கப்பலும் உள்ளே வரவில்லை. துறைமுகத்தைச் சுற்றித்தான் நான் வேலைக்கு வந்தேன், கண்ணால் கண்டேன். மேலே ஏறினால் பெரியவர் சிரித்துக்கொண்டு இருக்கிறார். "கப்பல் வந்துவிட்டது மாயெஸ்த்ரோ, ஆறரைக்கே வந்துவிட்டது."

அவளைக் குசினிக்குள் கூப்பிட்டேன். "வராத கப்பலை வந்திட்டுது எண்டு சொன்னனியோ?"

"ஓம். வரேல்லை எண்டால் எழும்பிப் போய்ப் பாப்பார். காத்து நெஞ்சிலை அடிக்கும்."

"அது பொய்யெல்லோ பிள்ளை?"

"பின்னேரம் வந்திடுந்தானே. வாற கப்பலைத்தானே வந்தது எண்டனான்."

பின்னேரம் நாலரைக்கு வந்தது. அவர் சங்குச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் தூக்கினார். பிறகு சாய்ந்துகொண்டார்.

இனி மலைக்கு வருகிறேன். பெரியவர் இளமையில் வடக்கே படித்தவர். அங்கே சறுக்கப் பழகியவர். மலைச் சரிவிலிருந்து பாய்ந்து இறங்கும் சறுக்கல் அல்ல. குதிக்கால் தூக்கி, சமவெளியில் மெல்லிய நீளப் பலகைகளில் நடையும் வழுக்கலுமாகப் போகிற வகை. சிசிலியிலும் மதோனியே மலையின் மேலே மூன்று மாதம் பனி கிடக்கும். வீட்டிலிருந்து நூற்றைந்து கிலோமீற்றர். அங்கே அவருக்கு இரண்டு அறையில் ஒரு கல்வீடு இருந்தது. வெள்ளி பின்னேரம் மூன்று பேரும் போய், ஞாயிறு திரும்புவோம்.

அந்தப் பலகையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாதத்துக்குக் கீழே உள்ள பகுதி, ஊன்றும்போது பனியைப் பிடிக்க வேண்டும், வழுக்கும்போது விட வேண்டும். அதற்கென்று மெழுகு பூசுவார்கள். கடும் குளிருக்குப் பச்சை, பிறகு நீலம், ஊதா, பூச்சியத்துக்குக் கிட்டச் சிவப்பு. பெரியவரின் மரப்பெட்டியில் பதினொரு டப்பி. காலையில் அவர் வாசலில் நின்று பனியைக் கையில் பிசைந்து, ஒரு இலக்கம் சொல்வார். நான் வெப்பமானியைச் செருகிப் பார்த்து உண்மையான இலக்கத்தைச் சொல்வேன். இரண்டையும் கொப்பியில் எழுதுவேன். சில காலை இரண்டு தரமும் பார்ப்போம்; 2003 மார்ச் வரை மொத்தம் அறுபத்தொரு தரம். அதில் நாற்பத்தேழு தரம் அவர் சொன்னது ஒரு பாகைக்குள் சரி. பிறகு டப்பியைத் தெரிந்து, பூசி, தக்கையால் தேய்த்து, பத்து அடி போய்ப் பார்த்து, திரும்பி வந்து இன்னொரு பூச்சு. எல்லாம் முடிய நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் அவருக்கு வயது முப்பது.

அவளுக்கு அது சித்திரவதை. கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். ஆறும். உள்ளே ஓடிப்போய்ச் சூடாக்கி வருவாள். மறுபடி ஆறும். "அந்த விரலைப் பாருங்கோ மாஸ்ரர், நாவற்பழ நிறமாப் போச்சு. ஒரு மெழுகுதிரியாலை தேய்ச்சால் காணாதோ? பதினொரு நிறம் என்னத்துக்கு, சீலை எடுக்கிறாரோ?"

அந்த வருஷம் நவம்பரில் எனக்கு நிமோனியா வந்தது. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் கிடந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு தரம் வந்தாள். சூப்பு, மிளகுத் தண்ணீர், நெஞ்சுக்கு ஒத்தடம். ஒன்பது நாள். வராமல் விட்டிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் நாள் எழும்பி இருந்தபோது, எத்தனை குளிசை போட்டேன், எத்தனை தரம் காய்ச்சல் பார்த்தது, அன்றைக்கு என்ன கிழமை, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒன்பது நாளும் நான் எதையும் எண்ணவில்லை. நல்ல சுகமாக இருந்தது. இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பல வருஷம் கழித்து, 2009இல், நான் ஜெனோவாவில் இருக்கும் மகளிடம் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எங்கையும் போகாதேங்கோ மாஸ்ரர். ஏலாமல் வந்தால் நான் இருக்கிறன். உங்களை ஒரு விரலும் அசைக்க விடமாட்டன்." கண் கலங்கச் சொன்னாள். நான் அடுத்த கிழமையே கப்பலுக்கு ரிக்கெற் எடுத்தேன்.

நிமோனியாவுக்குப் பிறகு அவளுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய வேண்டும் என்று எனக்கு இருந்தது. "இத்தாலி எழுத்து வாசிக்கிறியள், இந்த மெழுகுக் கரைச்சலுக்கு ஒரு வழி பாத்துச் சொல்லுங்கோவன்" என்று கேட்டாள். சறுக்குச் சாமான் விற்கும் கடையொன்றின் விலைப்பட்டியலில் நான்தான் கண்டுபிடித்தேன்: பிடிமெழுகுக்குப் பதிலாக ஒட்டுநாடா. பாதத்தின் கீழ் ஒருதரம் ஒட்டினால் போதும். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. குளிர் கூடினாலும் குறைந்தாலும் ஒரே நாடா. நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் நிற்கும். அவள் அதைப் பிளாஸ்ரர் என்றாள். காயத்துக்கு ஒட்டுவதுபோல.

சுருளோடு ஒரு சிறு தாள் வந்தது. எட்டு வரி. நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பழைய மெழுகைத் துடைக்கவும், அரத்தாளால் உராய்க்கவும், ஒட்டித் தேய்க்கவும், இப்படி. ஆறாவது வரி: சறுக்கப் புறப்படுமுன் பலகைகளை வெளியே வைத்துக் குளிர விடவும், சூடான பலகையைப் புதுப்பனியில், குறிப்பாகப் பூச்சியத்துக்கு அண்மையில், வைத்தால் அடியில் பனி உருகிக் கட்டியாக உறையும்.

"குளிர விடவோ? பலகையையோ?" அவளுக்குச் சிரிப்பு. "எழுதினவன் விசரன்."

ஒட்டியது அவள்தான். தக்கையைத் தொடவில்லை. வெறும் உள்ளங்கையால் பலகைக்கு அரை மணித்தியாலம் தேய்த்தாள். இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம். ஓரத்தில் ஒரு குமிழ்கூட இல்லை.

நியாயமாகச் சொன்னால், நாடா நன்றாக வேலை செய்தது. 2004 குளிர்காலத்தில் பத்தொன்பது தரம் போனார், ஒரு தரமும் குறை இல்லை. பலகைகள் அப்போது வெளிக்கொட்டிலில் கிடந்தன, தாமாகவே குளிர்ந்திருந்தன. எழும்பினார், சூடான கோப்பி குடித்தார், பலகையில் ஏறினார், போனார். முதல் மாதம் பழக்கத்தில் பனியைக் கையில் எடுத்தார். அவள் துவாயோடு ஓடிவந்து கையைத் துடைத்துவிட்டாள். "நோன் சி ப்ரெயோக்குப்பி." பிறகு எடுப்பதில்லை. மரப்பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பெப்ரவரியில் ஒருநாள், "இன்றைக்கு என்ன இருக்கும் சிஞ்ஞோரே?" என்று கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மறந்துவிட்டது மாயெஸ்த்ரோ" என்றார். அவருடைய முகத்தில் கவலையே இல்லை.

நான் மட்டும் செருகி வாசித்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒருவரும் கேட்காத இலக்கங்கள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் எங்கள் பங்கில் ஒரு வயதான அம்மா இறந்துபோனார். தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லோரும் போயிருந்தோம். செபமாலையை இறந்தவரின் கையில் சுற்ற வேண்டும். அதற்கு அவளை விட்டார்கள். அவள் அந்தக் கையைத் தொட்டதும் நின்றாள். "ஐயோ, கை தண்ணியாக் கிடக்கு" என்று சொல்லி, இரண்டு கையையும் தன் கைக்குள் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் தேய்த்தாள். செத்தவரின் மகள் அழுகையை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இப்ப காணும்" என்று சொல்லிவிட்டு அவள் செபமாலையைச் சுற்றினாள்.

2005 ஜனவரியில் அவள் பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவரத் தொடங்கினாள். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் இரும்புக் கொழுவியை மாட்டும்போது அவர் விரல் குளிர்கிறதாம். அடுப்புக்குப் பக்கத்தில் துவாய் விரித்து, அதன்மேல் சாத்தி வைத்தாள்.

"பிள்ளை, ஆறாவது வரி" என்றேன்.

"போன கிழமையும் சூடாத்தான் குடுத்தனான். என்ன நடந்தது?"

ஒன்றும் நடக்கவில்லை. போன கிழமை பழைய காய்ந்த பனி, கழித்தல் ஏழு பாகை. அதைச் சொன்னேன். அவள் பெரியவர் பக்கம் திரும்பி, தன் உடைந்த இத்தாலியில் சொன்னாள்: "சிஞ்ஞோரே, மாயெஸ்த்ரோவுக்கு வேலை போய்விட்டது. அதுதான் வெப்பமானியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறார். பாவம், அதற்கும் காய்ச்சலாம்."

பெரியவர் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நல்ல மனிதர், மனதில் வைத்துச் சிரிக்கவில்லை. ஆனால் அறுபத்தொரு இலக்கம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியவை. எனக்குக் காது சுட்டது.

அது நடந்து பதினாலாம் நாள்தான் பெப்ரவரி 12.

வெப்பமானி பூச்சியம் காட்டியது. புதுப்பனி பதினெட்டு. பலகை இளஞ்சூடு. கேட்டால் சொல்வோம் என்று நின்றேன். அவள் குனிந்து கொழுவியை மாட்டிவிட்டாள். அவருடைய தொப்பியைக் காதுவரை இழுத்தாள். கையுறையைத் தன் மார்புச் சட்டைக்குள்ளிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள். ஒருவரும் கேட்கவில்லை. வெப்பமானியைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர் பத்து அடி போனார். நின்றார். இடது பலகையைச் சற்றுத் தூக்கி, ஒருமுறை தரையில் தட்டினார். அவள் அதற்குள் உள்ளே போய் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கை காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். தானும் கை காட்டினார். பிறகு போனார். நடை வழக்கமான நடை இல்லை. வழுக்கவில்லை, காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். பீச் மரங்களுக்குப் பின்னால் மறைந்தபோது எட்டு ஐம்பத்திரண்டு.

ஒரு சுற்றுக்கு அவருக்கு ஐம்பத்தைந்து நிமிடம். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு, "நேரம் போச்சு பிள்ளை" என்றேன்.

"மனிசன் ஆறுதலாச் சுத்திட்டு வரட்டும். நீங்கள் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்தே ஆக்களைச் சாக்காட்டிப் போடுவியள்."

பத்து மணிக்குச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவருடைய தடத்திலேயே போனேன். சறுக்கிய தடம் இல்லை அது. குழி குழியாக, காலில் மரக்கட்டை கட்டி நடந்ததுபோன்ற தடம். பத்து இருபத்தைந்துக்குக் கண்டேன். மரங்களுக்கு அப்பால் பதினொரு மீற்றர் நீளமான ஒரு சிறு இறக்கம். அதன் அடியில் இடது பக்கமாக விழுந்து கிடந்தார். பலகை காலிலேயே இருந்தது. அதன் அடியில், நாடா ஒட்டிய இடத்தில், நாலு விரற்கடை தடிப்பில் பனிக்கட்டி.

"மாயெஸ்த்ரோ, மணி என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "ஒரு மணித்தியாலமாகக் கிடக்கிறேன்" என்றார். "குளிர்கிறது. சரியாக எத்தனை பாகை?"

பூச்சியம் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னால் அவள் வரும் சத்தம் கேட்டது. கத்திக்கொண்டு, விழுந்து எழும்பி வந்தாள். வந்து சேருமுன் அந்தப் பனிக்கட்டியை என் சப்பாத்துக் குதியால் தட்டி உடைத்தேன். ஆறு அடி அடித்தேன். அவளுக்காக உடைத்தேன் என்று பல வருஷம் எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன். அவள் சுடுதண்ணீர்ப் பையை வயிற்றில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பனியிலே படுத்து அவரைக் கட்டிப்பிடித்தாள். உதவிக்கு ஆட்கள் வர பதினொன்று ஐம்பது ஆனது. அதுவரை அவள் அசையவில்லை.

இடுப்பெலும்பு. இரண்டு சத்திரசிகிச்சை. முப்பத்தெட்டு நாள் ஆஸ்பத்திரி. அறுபத்துநாலு படியும் நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவர் பிறகு எழும்பி நிற்கவில்லை.

அவள் அப்போதிருந்த சந்தோஷத்தில் நான் அவளை என்றைக்கும் கண்டதில்லை. இப்படிச் சொல்வது பிழை; ஆனால் கண்டதைத்தான் எழுதுகிறேன். பாடிக்கொண்டு வேலை செய்தாள். இருபத்துநாலு மணித்தியாலமும் கட்டிலுக்குப் பக்கத்தில். அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்று தோன்றுமுன் உதட்டில் தண்ணீர் இருந்தது. ஜன்னல் திறக்கவில்லை. ஜூனில் அந்த அறைக்குள் போனால் எனக்கு மூச்சு முட்டும்.

அந்த ஜூனில் ஒரு வியாழக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருந்தாள். போய்வர ஐம்பது நிமிடம். நான் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாம் சொன்னேன். ஆறாவது வரி, பூச்சியம், கேட்டால் சொல்வோம் என்று நின்றது, பனிக்கட்டியை உடைத்தது.

அவர் கேட்டுக்கொண்டு கிடந்தார். "பத்தாவது அடியிலேயே தெரிந்துவிட்டது மாயெஸ்த்ரோ" என்றார். "ஐம்பது வருஷம் சறுக்கியவன். காலுக்குக் கீழே கட்டுகிறது என்று தெரியாதா?"

"பிறகேன் திரும்பி வரவில்லை?"

"அவள் ஜன்னலில் நின்றாள். இரவு மூன்று தரம் எழும்பி அந்தப் பலகைகளைத் திருப்பித் திருப்பி வைத்தவள். திரும்பி வந்து அவளிடம் என்ன சொல்வது? பலகை சூடாக இருக்கிறது என்றா?" முகட்டைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "மரம் வரைக்கும் போய், அவளுக்குத் தெரியாமல் சுரண்டிவிட்டுத் தொடரலாம் என்று நினைத்தேன். சுரண்டினேன். மறுபடி கட்டியது. அந்த இறக்கத்தில் காலைப் பிடித்துவிட்டது."

படியில் அவளுடைய செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருடைய விரல் கொதித்தது. "அவளிடம் சொல்லாதே."

அவள் பைகளோடு உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். "என்ன கதை? சிஞ்ஞோருக்கு முகம் வேர்த்துக் கிடக்கு."

"வெயிலைப் பற்றிக் கதைத்தோம்" என்றார் அவர்.

"வெயிலை யோசிக்காதேங்கோ. நோன் சி ப்ரெயோக்குப்பி."

அதற்குப் பிறகு அவர் என்னோடு அதைப் பேசவில்லை. குளிர்காலம் வருமுன் என் பெயரை மறந்தார். பிறகு துறைமுகத்தை மறந்தார். கண்ணை விழித்தால் அவளைத் தேடுவார். கண்டதும் சிரிப்பார். 2006 ஏப்ரல் 19, பெரிய வெள்ளி கழிந்த புதன்கிழமை, நித்திரையிலே போய்விட்டார். வைத்தியர் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட இல்லை, இப்படி ஒரு பராமரிப்பைத் தான் கண்டதில்லை என்று சொன்னார். நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்று பின்னேரம் அவள் வெறுங்கட்டிலில் இருந்து கம்பளிகளை மடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். ஐந்து கம்பளி.

"மலையிலை விழுந்த அண்டைக்குப் பிறகு ஒரு நாள்கூட அவரைக் குளிர விடேல்லை, மாஸ்ரர்" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"நீங்கள் எண்ணியிருப்பியள். எத்தினை நாள்?"

"நானூற்று முப்பத்தொண்டு."